தீப்பொறி இல்லாத எஞ்சின்: சிறிய டீசல் காரை நாமே பழுதுபார்ப்பதற்கான அடிப்படைகள்

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் தரும் தீப்பொறியால் எரிபொருள் பற்றிக்கொள்கிறது. டீசல் எஞ்சினில் அந்தத் தீப்பொறியே கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றை பிஸ்டன் மிக இறுக்கமாக அழுத்த, அந்த அழுத்தத்திலேயே காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டுக்குள் நுண்ணிய பனித்துளிகளாகப் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே எரிகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி கையைச் சுடுவதும் இதே காரணத்தால்தான். சிறிய டீசல் கார் ஒன்றை வைத்திருப்பவர் தன் கையாலேயே அதைக் கவனித்துக்கொள்ள விரும்பினால், முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது இந்த ஒரு செய்திதான். ஸ்டார்ட் ஆகாமை, புகை, இழுவைக் குறைவு, நடுக்கம் போன்ற பெரும்பாலான எஞ்சின் கோளாறுகளை இதிலிருந்தே படிப்படியாக விளங்கிக்கொள்ள முடியும்.

ருடால்ஃப் டீசல் தம் எஞ்சினை 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். அது ஆள் உயரத்தைவிடப் பெரிய இயந்திரம். கனமானதும் சத்தமானதுமான அந்த வகை எஞ்சின் சிறிய ஹாட்ச்பேக் காருக்குள் பரவலாக இடம்பிடிக்க நெடுங்காலம் ஆயிற்று. 1976இல் ஃபோக்ஸ்வாகன் தன் கோல்ஃப் காரில் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தியது அவ்வகையில் ஒரு முக்கியமான படி. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 கார் காமன் ரெயில் என்ற முறையைப் பயணிகள் கார்களுக்குக் கொண்டுவந்தது. இம்முறையில் டீசல் ரெயில் எனப்படும் ஒரு பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் தயாராகக் காத்திருக்க, அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் எது எப்போது எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. 2003இல் வெளிவந்த ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட் எஞ்சின் இந்த முறையைப் பல நிறுவனங்களின் சிறிய கார்களுக்குள் கொண்டுசேர்த்தது. இன்று பெரும்பாலோர் வைத்திருக்கும் சிறிய டீசல் கார் இந்த வகையைச் சேர்ந்ததே என்பதால், இக்கட்டுரையும் அதையே முதன்மையாகக் கருத்தில் கொள்கிறது.

இந்த எஞ்சின் ஒழுங்காக எரிய வேண்டுமானால் போதுமான காற்று உள்ளே வர வேண்டும். அது நன்றாக அழுத்தப்பட்டுச் சூடாக வேண்டும். தூசியும் நீரும் காற்றுக் குமிழியும் கலவாத டீசல் சரியான அளவில் வர வேண்டும். இவற்றில் எது குறைகிறது என்பதைப் பெரும்பாலும் சைலன்சர் வழியே வரும் புகையே சொல்லிவிடும். கரும்புகை வந்தால் டீசல் இருக்கிறது, அதை எரிக்கப் போதுமான காற்று இல்லை என்று பொருள். வெண்புகை வந்தால் டீசல் எரியாமலேயே ஆவியாக வெளியேறுகிறது, அல்லது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எங்கோ சிலிண்டருக்குள் கசிகிறது. முகர்ந்து பார்த்தால் டீசல் நெடியா, கூலன்டின் இனிப்பு வாடையா என்று பெரும்பாலும் பிரித்தறியலாம். நீலம் கலந்த புகை, எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டுகிறது. பாகங்களை மாற்றத் தொடங்கும் முன் புகையின் நிறத்தையும், அது ஸ்டார்ட் செய்யும்போது வருகிறதா, முடுக்கும்போது வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்வது தேவையற்ற செலவைப் பெருமளவு தவிர்க்கும்.

தொடக்கூடாத இடம்

செய்யக்கூடியவற்றைப் பேசுவதற்கு முன் செய்யக்கூடாத ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காமன் ரெயில் எஞ்சினின் உயர் அழுத்தக் குழாய்களில் டீசல், தொடக்க கால எஞ்சின்களிலேயே 1350 பார் வரை அழுத்தத்தில் இருந்தது. பின்னர் வந்தவற்றில் அது 1600, 2000 பார் என்று உயர்ந்தது. கார் டயரில் இருப்பது ஏறத்தாழ 2 பார் மட்டுமே என்பதை நினைத்தால் இதன் வலிமை விளங்கும். இந்த அழுத்தத்தில் ஊசிமுனை அளவு கசிவுகூட தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் டீசலைச் செலுத்திவிடும். வெளியே சிறு புள்ளியாக மட்டுமே தெரியும் அந்தக் காயம் உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் ஆபத்து ஆகும். பழைய வகை டீசல் எஞ்சின்களில் ஓடும் எஞ்சினின் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தைக் காமன் ரெயில் எஞ்சினுக்கு ஒருபோதும் கொண்டுவரக் கூடாது. உயர் அழுத்தப் பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை செல்லும் எஃகுக் குழாய்களை, தொடங்குபவர் எஞ்சின் நின்றிருக்கும்போதும் தொடாமல் விடுவதே முறை. டாங்கிலிருந்து டீசல் ஃபில்டர் வழியாக அந்தப் பம்பு வரையுள்ள தாழ் அழுத்தப் பகுதிதான் நம் எல்லை.

வண்டிக்கு அடியில் வேலை செய்வதற்கும் இதே கண்டிப்பு வேண்டும். ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய பின் உறுதியான ஸ்டாண்டின் மீது வண்டியை இறக்கி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே உடலின் எந்தப் பகுதியும் அடியில் போகலாம்.

டீசல் ஃபில்டரும் காற்றுக் குமிழியும்

ஒரு புதியவர் செய்யும் வேலைகளிலேயே அதிகப் பயன் தருவது எது என்று கேட்டால், டீசல் ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுவதே என்பது என் உறுதியான கருத்து. உயர் அழுத்தப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் தனியாக உயவு எண்ணெய் கிடையாது. அவற்றுக்குள் ஓடும் டீசலே அவற்றின் உராய்வைத் தணிக்கிறது. ஆகவே டீசலில் நீர் கலந்தால் எரிதல் கெடுவதோடு நிற்காமல் மிக நுண்ணிய இடைவெளியில் பொருந்தி அசையும் அந்த உலோகப் பாகங்களே துருவும் தேய்மானமும் அடைகின்றன. நீர் டீசலைவிட அடர்த்தி கூடியது என்பதால் ஃபில்டரின் அடியில் தங்குகிறது. பல கார்களில் ஃபில்டரின் அடியில் நீரை வடிக்க ஒரு திருகு இருக்கும். டாஷ்போர்டில் நீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாமல் வடித்துவிட வேண்டும். மாற்றும் இடைவெளி காருக்குக் கார் வேறுபடுகிறது. உரிமையாளர் கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கையே பின்பற்றுவதும், டீசலின் தரம் ஐயத்துக்குரிய இடங்களில் அதற்கு முன்பே மாற்றுவதும் நல்லது.

வேலையைத் தொடங்கும் முன் ஃபில்டரையும் அதன் குழாய் இணைப்புகளையும் சுற்றியுள்ள தூசியை நன்றாகத் துடைக்க வேண்டும். ஏனெனில் ஃபில்டருக்குப் பின்னால் நுழையும் ஒரு மணல் துகளை வடிகட்ட அதன் பிறகு எதுவும் இல்லை. எந்தக் குழாய் எங்கே இருந்தது என்று படம் எடுத்து வைத்துக்கொண்டு, அடியில் ஒரு பாத்திரம் வைத்துக் கழற்றலாம். டீசல் ரப்பரைக் கெடுக்கும் என்பதால் பெல்ட்டின் மீதும் கூலன்ட் ஹோஸ்களின் மீதும் அது வடியாதபடி துணி போட்டு மூட வேண்டும். புதிய ஃபில்டருக்குள் டீசலை ஊற்றி நிரப்பிவிட்டுப் பொருத்தினால் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும் என்பார்கள். பல திருகு வகை ஃபில்டர்களில் நடுத்துளை என்பது வடிகட்டப்பட்ட டீசல் வெளியேறும் வழி. அதில் ஊற்றியது வடிகட்டப்படாமலேயே பம்புக்குப் போய்விடும். ஆகவே நடுத்துளையில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். புதிய ரப்பர் வளையத்துக்குச் சிறிது டீசல் தடவி, முறுக்காமலும் மடங்காமலும் உட்கார வைப்பதில்தான் கவனம் வேண்டும்.

அடுத்து வருவது ஏர் லாக் எடுக்கும் வேலை, அதாவது டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. காற்று சுருங்கக்கூடியது, டீசல் அவ்வாறு எளிதில் சுருங்குவதில்லை. குழாயில் காற்று புகுந்தால் பம்பு தரும் அழுத்தமெல்லாம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகி, ரெயிலில் தேவையான அழுத்தம் எழாமல், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் போகிறது. டாங்கிற்குள் மின்பம்பு உள்ள கார்களில், செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் நிலையில் சில விநாடிகள் வைத்து, அணைத்து, மீண்டும் ஆன் செய்து, இப்படிச் சில முறை செய்தால் ஃபில்டர் நிரம்பிக் காற்று டாங்கிற்குத் திரும்பிவிடும். கையால் அழுத்தும் ரப்பர்க் குமிழ் உள்ள கார்களில், அது கல்போல் இறுகும் வரை அழுத்த வேண்டும். காற்று நீங்கும் முன்பே செல்ஃபை விடாமல் அடித்தால் பாட்டரி இறங்குவதோடு, உயவில்லாமல் உலர்ந்து சுழலும் பம்பும் தேய்கிறது. எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு சில நிமிடம் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, எல்லாவற்றையும் துடைத்து உலர்த்தி, மறுநாள் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதே அறிவு இன்னொரு பழைய குழப்பத்தையும் தீர்க்கும். சற்று நேரம் நிறுத்தி எடுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகும் கார், இரவு முழுவதும் நின்றால் காலையில் நெடுநேரம் செல்ஃப் கேட்டால், நிற்கும் வேளையில் எங்கோ காற்று நுழைந்து டீசல் டாங்கை நோக்கி இறங்கிவிடுகிறது என்று முதலில் ஐயப்பட வேண்டும். தாழ் அழுத்தக் குழாயின் நடுவே டீசலுக்கு ஏற்ற, கண்ணாடிபோல் தெளிந்த குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாக இணைத்து எஞ்சினை ஓடவிட்டால், குமிழிகள் ஓடுகின்றனவா என்பது கண்ணுக்கே தெரியும். வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், கடைசியாக ஃபில்டர் மாற்றியபோது மடங்கிப்போன ரப்பர் வளையம் ஆகியவையே வழக்கமான காரணங்கள். இன்ஜெக்டரைக் குறை சொல்வதற்கு முன் இந்தச் சிறிய சோதனையைச் செய்வது பெரிய செலவைத் தடுக்கும்.

தவறுதலாகப் பெட்ரோல் நிரப்பிவிட்டால் செய்ய வேண்டியதும் இதிலிருந்தே விளங்கும். பெட்ரோலுக்கு உயவுத் தன்மை மிகக் குறைவு. டாங்கின் மின்பம்பு சாவியை ஆன் செய்தவுடனேயே வேலை செய்யத் தொடங்கிவிடும் என்பதால், சாவியைத் திருப்பவே கூடாது. வண்டியைத் தள்ளி ஒதுக்கி டாங்கைக் காலி செய்ய வேண்டும்.

காற்றின் பாதை

இழுவை குறைந்து கரும்புகை வந்தால் காற்றுப் பாதையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தடவிப் பார்க்க வேண்டும். முதலில் ஏர் ஃபில்டர். அழுக்கடைந்திருந்தால் மாற்றுவதே நல்லது. அழுத்தக் காற்றால் ஊதும்போது கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால், அதன் வழியே செல்லும் தூசி டர்போவின் இறக்கைகளையும் சிலிண்டர் சுவரையும் அரிக்கும்.

டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று, உள்ளே வரும் காற்றை அழுத்தி அனுப்பும் சிறிய காற்றாடி. சிறிய எஞ்சின்களில் அது நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரைகூட சுழலும். டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் செல்லும் ரப்பர் ஹோஸ்களில் ஒன்று வெடித்தாலோ அதன் கிளாம்ப் தளர்ந்தாலோ, அழுத்திய காற்று வழியிலேயே வெளியேறிவிடும். முடுக்கும்போது மட்டும் உஸ் என்ற சீற்றமும், இழுவைக் குறைவும், கரும்புகையும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் காரணம் இதுவே. எஞ்சின் ஆறிய பிறகு ஹோஸ்களை வளைத்து, அடிப்புறத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். ஹோஸின் உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. அதைக் கண்டு டர்போ போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு ஹோஸும் இரண்டு கிளாம்புகளும் மாற்றினால் தீரும் இந்தக் கோளாறுக்கு டர்போவையே மாற்றச் சொல்லும் நிலை ஏற்படலாம் என்பதால் இதைத் தெரிந்துவைத்திருப்பது மிகவும் பயனுள்ளது.

அடுத்து இஜிஆர் வால்வு. வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே வரும் காற்றோடு கலந்து, எரியும் வெப்பத்தைத் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாவதைக் குறைப்பது இதன் பணி. புகையின் கரியும், எஞ்சினின் மூச்சுக் குழாயிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் கலந்து இங்கே தார்போல் படிகின்றன. வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் நடுக்கமும் கரும்புகையும் தோன்றும். கழற்றுவதற்கு வசதியான இடத்தில் இருந்தால், பாட்டரி இணைப்பைத் துண்டித்து, வால்வைக் கழற்றி, அதற்குரிய கிளீனரையும் மென்மையான தூரிகையையும் கொண்டு சுத்தம் செய்யலாம். மின்மோட்டார் உள்ள பகுதியில் திரவம் இறங்கக் கூடாது. புதிய கேஸ்கெட் வாங்கி வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். இந்த வால்வை அடைத்துவிடுவதும், புகை வடிகட்டியான டிபிஎஃபை உள்ளிருந்து உடைத்தெடுப்பதும் மேம்பாடு என்று பேசப்படுகின்றன. பல நாடுகளில் இது சட்டத்துக்கு மாறானது. அந்தக் காரின் பின்னால் வருபவர்தான் அந்தக் கரியைச் சுவாசிக்க வேண்டியிருக்கும் என்பதால், சட்டம் இல்லாத இடத்திலும் அதைச் செய்யக் கூடாது என்பதே என் நிலைப்பாடு.

ஸ்டார்ட் ஆக மறுத்தால்

அழுத்தத்தால் சூடு எழ வேண்டும் என்றால் எஞ்சின் போதிய வேகத்தில் சுழல வேண்டும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், அழுத்தப்பட்ட காற்றின் சூடு சிலிண்டர் சுவர் வழியே ஆறிவிடும். ரெயில் அழுத்தமும் எழாது. ஆகவே ஸ்டார்ட் ஆகாத டீசல் காரில் முதலில் மல்டிமீட்டரைப் பாட்டரியில் வைக்க வேண்டும். இரவு நின்ற பாட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாட்டரி தளர்ந்துவிட்டது. எண் நன்றாக இருந்தும் சுழற்சி மெதுவாக இருந்தால், பாட்டரி முனைகளையும், எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையையும் கழற்றித் தேய்த்துச் சுத்தப்படுத்த வேண்டும். மாற்றும்போது டீசல் எஞ்சினுக்கு உரிய திறனுள்ள பாட்டரியையே போட வேண்டும். பெட்ரோல் காருக்கானது தாங்காது.

மெக்கானிக்குகள் ஹீட்டர் பிளக் என்று சொல்லும் குளோ பிளக், குளிர்ந்த எஞ்சினின் உள்ளறையை முன்கூட்டியே சூடாக்கித் தருகிறது. வெப்பமான வானிலையில் ஒன்றிரண்டு கெட்டிருந்தாலும் தெரியாது. குளிரில் நடுக்கமும் வெண்புகையுமாகத் தெரியும். இணைப்பைக் கழற்றி, முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே மின்தடையைப் பார்த்தால், நல்ல பிளக் ஏறத்தாழ 1 ஓம் அல்லது அதற்கும் குறைவாகக் காட்டும். மீட்டர் இணைப்பே இல்லாததுபோல் (OL) காட்டினால் உள்ளிழை அறுந்துவிட்டது. சோதிப்பது எளிது, கழற்றுவதுதான் ஆபத்து. கரி பிடித்து இறுகிய பிளக் முறிந்தால் சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டிவரலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது, துரு இளக்கும் எண்ணெயை முன்னதாகவே பலமுறை விட்டு ஊறவைத்து, சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசைத்துத்தான் எடுக்க வேண்டும். அசையவே மறுத்தால் வலுக்கட்டாயம் செய்யாமல் அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை. புதிய வகைக் குளோ பிளக்குகள் 12 வோல்ட்டைவிடக் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குபவை என்பதால், நேரடியாகப் பாட்டரியில் தொட்டுச் சோதிக்கும் பழைய முறையையும் தவிர்க்க வேண்டும்.

ஆயில், கூலன்ட், ஸ்கேனர்

ஆயில் மாற்றுவது பெட்ரோல் காரைப் போன்றதே. மாற்றிய சில நாளிலேயே ஆயில் கறுத்துவிடுவது டீசலில் இயல்பு. அது கரியைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றே பொருள். டிபிஎஃப் உள்ள காருக்குச் சாம்பல் குறைந்த, ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தர வரிசையின் சி வகை ஆயில் தேவை என்பதால், கையேடு குறிப்பிடும் தரக் குறியீட்டைப் பார்த்தே வாங்க வேண்டும். டிபிஎஃப் தன் கரியை எரித்துக்கொள்ள ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். குறுகிய தூரமே ஓடும் காரில் அந்த எரிப்பு பாதியில் நின்று, அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் ஆயிலில் இறங்கலாம். ஆகவே ஆயிலை அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதைப் போலவே கூடுவதையும் ஆபத்தாகக் கருத வேண்டும். தீப்பொறி இல்லாத எஞ்சின் என்பதன் இன்னொரு விளைவு இங்கே தெரிகிறது: காற்றுப் பாதைக்குள் ஆயில் மிகுதியாகப் புகுந்தால், எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும், சாவியை அணைத்தாலும் நிற்காது. மேன்யுவல் கியர் காரில் பிரேக்கை முழுவதும் மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்துவதே வழி.

கூலன்டைப் பொறுத்தவரை, சூடான எஞ்சினின் மூடியைத் திறக்கக் கூடாது, வெவ்வேறு வகைகளைக் கலக்கக் கூடாது என்ற இரண்டும் போதும். ஓடிக்கொண்டிருந்தும் வெப்பமுள் நடுவுக்கு வராவிட்டால் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். அந்த நிலையில் டீசலும் அதிகம் செலவாகும், டிபிஎஃபும் தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ளாது.

காரின் கணினியிலிருந்து பிழைகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சிறிய ஸ்கேனர் ஒன்று இன்றைய தொடக்கக்காரருக்கு ஸ்பேனர் பெட்டிக்கு இணையான கருவி. ஆனால் பிழைக் குறியீடு என்பது எங்கே தேட வேண்டும் என்று மட்டுமே காட்டும். ரெயில் அழுத்தம் குறைவு என்ற குறியீடு வந்தால் அடைபட்ட டீசல் ஃபில்டர், காற்றுக் கசிவு, பம்பு, இன்ஜெக்டர் ஆகிய எதுவும் காரணமாகலாம். மலிவானதிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்க்க வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றுவதை மட்டும் இந்த நிலையில் கையில் எடுக்க வேண்டாம். ஒரு பல் தவறினாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதலாம்.

மேம்பாடுகள்

மேம்பாடு என்றதும் பலர் முதலில் கேட்பது கணினி மென்பொருளை மாற்றி ஆற்றலைக் கூட்டும் ரீமேப் பற்றித்தான். டர்போ டீசலில் அது எளிதாக நடக்கிறது. டீசலையும் டர்போ அழுத்தத்தையும் கூட்டினால் குறைந்த சுற்றிலேயே முறுக்கு விசை ஏறிவிடும். அந்த விசை முழுவதையும் தாங்க வேண்டியவை கிளட்ச், ஃபிளைவீல், கியர்பாக்ஸ் ஆகியவை. சிறிய கார்களில் இவை ஓரளவுக்கு மட்டுமே உபரி வலிமையோடு வடிவமைக்கப்படுகின்றன. ரெயில் அழுத்தக் காட்டியின் அளவைக் குறைத்துச் சொல்லிக் கணினியை ஏமாற்றும் மலிவான டியூனிங் பெட்டிகள் இன்னும் மோசமானவை. உண்மையான அழுத்தம் எவ்வளவு என்பதே கணினிக்குத் தெரியாமல் போகிறது. பராமரிப்புக் குறை எதுவும் இல்லாத காரில், தரமான ஒருவர் அளவோடு செய்யும் ரீமேப் தவிர மற்றவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதையும் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவித்த பிறகே செய்ய வேண்டும்.

டீசல் எஞ்சின் அதே அளவு பெட்ரோல் எஞ்சினைவிடக் கனமானது. அந்தக் கனம் முன் அச்சின் மீது இருப்பதால் முன் டயர்கள், பிரேக் பேடுகள், சஸ்பென்ஷன் புஷ்கள், எஞ்சின் மவுண்டுகள் ஆகியவை சீக்கிரம் தேய்கின்றன. ஆகவே நல்ல டயர், நல்ல பிரேக் பேட், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய பிரேக் ஆயில், தளர்ந்த ஷாக் அப்சார்பருக்குப் பதில் புதியது என்ற இவையே சிறிய டீசல் காருக்குப் பொருத்தமான முதல் மேம்பாடுகள். எஞ்சின் மவுண்டை மாற்றியதும் ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் இருந்த அதிர்வு தணிவதை எந்தக் கருவியும் இன்றி உடனே உணரலாம். ஹாலஜன் ஹெட்லைட் மங்கலாக இருக்கும் பழைய கார்களில், மின்சாரத்தை நேரே பாட்டரியிலிருந்து ரிலே வழியாகக் கொண்டுவரும் வயரிங்கைப் பொருத்தினால், அதே பல்பே தெளிவாக எரியும். பாட்டரிக்கு அருகிலேயே உரிய அளவு ஃபியூஸ் போட மறக்கக் கூடாது. பேட் மாற்றும்போது இரு பக்கமும் சேர்த்தே மாற்றி, வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலைச் சில முறை மிதித்து அது இறுகுவதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.